ஓடிப்போகும் காதலும் நகைப்பெட்டியும்: அன்றும் இன்றும்

1773 மார்ச் 15ஆம் தேதி இரவு, லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒரு புதிய நகைச்சுவை நாடகம் ஏறியது. எழுதியவர் ஆலிவர் கோல்ட்ஸ்மித். நாடகத்தின் பெயர் ‘ஷி ஸ்டூப்ஸ் டு காங்கர்’. அரங்க நிர்வாகி ஜார்ஜ் கோல்மனுக்கே அது ஓடும் என்ற நம்பிக்கை இல்லை. முக்கியமான நடிகர்கள் சிலர் வேடத்தை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அன்றிரவு அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு 250 ஆண்டுகள் கடந்தும் ஓயவில்லை.

நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படித்த பலருக்கு இது பாடமாக வந்திருக்கும். பெரிய வீடொன்றைச் சத்திரம் என்று நினைத்து உள்ளே நுழைந்து, வீட்டுக்காரரையே ஏவல் செய்யச் சொல்லும் மார்லோவையும், பணிப்பெண்போல நடித்து அவன் கூச்சத்தைப் போக்கும் கேட் என்ற பெண்ணையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தேர்வில் கேள்வியும் அவர்களைப் பற்றித்தான் வரும். அதே நாடகத்தில் இன்னொரு காதல் இருக்கிறது. கான்ஸ்டன்ஸ் நெவில் என்ற பெண் ஹேஸ்டிங்ஸ் என்ற இளைஞனோடு ஓடிப்போகத் திட்டமிடுகிறாள். குறுக்கே நிற்பது ஒரு நகைப்பெட்டி. அதைத் திருடினால்தான் ஓட்டம் நடக்கும். திருட்டு நடக்கிறது, ஓட்டம்தான் நடக்கவில்லை.

இந்த இரண்டாவது காதலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பெண் தன் மனதுக்குப் பிடித்தவனோடு போவதற்கும், அவள் நகை யாருடையது என்ற கேள்விக்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நாடகம் வேறொன்றை நான் படித்ததில்லை. 1773இல் அந்தக் கேள்விக்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருந்தது. இன்று வேறு பதில் வைத்திருக்கிறது. நடுவில் என்ன மாறியது, எது இன்னும் மாறாமல் நிற்கிறது என்று பார்ப்போம்.

அன்று: ஒரே இரவில் ஊர் சுற்றிய பெட்டி

கான்ஸ்டன்ஸுக்குத் தாய் தந்தை இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் இயக்குநராக இருந்த உறவினர் அவளுக்கு விட்டுச்சென்ற நகைகளே அவள் சொத்தில் பெரும்பகுதி. அவளுக்குப் பாதுகாவலராக இருப்பவர் திருமதி ஹார்ட்காஸில். உறவில் அத்தை என்று வைத்துக்கொள்ளலாம். நகைகள் அந்த அம்மாளின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கின்றன. முதல் கணவர் வழியில் அவருக்கு டோனி லம்ப்கின் என்று ஒரு மகன். கள்ளுக்கடையும் குதிரையும் போதும் என்று திரிகிற பிள்ளை. அவனுக்கே கான்ஸ்டன்ஸைக் கட்டிவைத்துவிட்டால் நகை வீட்டைவிட்டு வெளியே போகாது. சொத்துக்காக உறவுக்குள் கல்யாணம் என்ற கணக்கைத் தமிழ் வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

டோனிக்கு அவள்மேல் ஆசை இல்லை. அவளுக்கும் அவன்மேல் இல்லை. இருவரும் அம்மாவின் கண்ணுக்கு முன்னால் காதலர்போல நடிக்கிறார்கள். ஹேஸ்டிங்ஸ் வந்து இறங்கியதும் டோனிக்கு வழி பிறந்துவிடுகிறது. இவளை இவன் அழைத்துப் போய்விட்டால் தன் தலை தப்பும். தாயின் இழுப்பறைகளுக்கெல்லாம் அவனிடம் கள்ளச்சாவி உண்டு. பெட்டியை எடுத்து ஹேஸ்டிங்ஸ் கையில் கொடுத்துவிடுகிறான்.

அதே நேரத்தில் கான்ஸ்டன்ஸ் நேர்வழியில் அத்தையிடம் நகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த வயதில் உனக்கு எதற்கு நகை, அழகு குறையும்போது போட்டுக்கொள்ளலாம், இன்னும் இருபது ஆண்டு போகட்டும் என்று அத்தை தட்டிக்கழிக்கிறார். பெண் விடாமல் கேட்கிறாள். நகை தொலைந்துபோனது என்று சொல்லிவிடு, நான் சாட்சி சொல்கிறேன் என்று டோனி தாயின் காதில் ஓதுகிறான். அவரும் அப்படியே சொல்கிறார். உள்ளே போய் இழுப்பறையைத் திறந்தால் நகை உண்மையிலேயே இல்லை. பதறி ஓடிவருகிறார். டோனி விடுவதாக இல்லை. அம்மா பிரமாதமாக நடிக்கிறாள் என்பதுபோல, தொலைந்ததற்கு நானே சாட்சி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். பொய் சொன்ன வாய்க்கு உண்மையைச் சொல்ல வழியில்லாமல் போகும் இந்தக் காட்சிதான் நாடகத்தின் உச்சம் என்பேன்.

பெட்டியின் பயணம் இதோடு முடியவில்லை. ஹேஸ்டிங்ஸ் அதைப் பத்திரமாக வைத்திருக்கும்படி நண்பன் மார்லோவுக்கு அனுப்புகிறான். மார்லோவோ இந்த வீட்டை இன்னும் சத்திரம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறான். இவ்வளவு விலையுள்ள பொருளைச் சத்திரத்தில் யாரிடம் கொடுத்து வைப்பது? சத்திரக்கார அம்மாளிடம்தான். அந்த அம்மாள் திருமதி ஹார்ட்காஸில். திருடிய பெட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இழுப்பறைக்கே வந்து சேர்ந்துவிடுகிறது.

ஓட்டத் திட்டத்தைச் சொல்லும் கடிதமும் அத்தை கையில் சிக்குகிறது. அவர் அன்றிரவே கான்ஸ்டன்ஸை வண்டியில் ஏற்றித் தொலைவில் உள்ள உறவுக்கார அம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோகப் புறப்படுகிறார். வழிகாட்டியாக வந்த டோனி, இருட்டில் சேற்றிலும் மேட்டிலும் வண்டியைச் சுற்றவைத்து, கடைசியில் சொந்தத் தோட்டத்துக் கோடியில் இருக்கும் குதிரைக் குளத்திலேயே இறக்கிவிடுகிறான். நாற்பது மைல் தள்ளி வந்துவிட்டோம் என்று நம்பும் அந்த அம்மாள், எதிரே வரும் தன் கணவரையே வழிப்பறிக்காரன் என்று நினைத்து மண்டியிட்டுக் கெஞ்சுகிறார்.

இப்போது ஓடிப்போகத் தடையே இல்லை. நகை போனால் போகட்டும், வா என்று ஹேஸ்டிங்ஸ் அழைக்கிறான். கான்ஸ்டன்ஸ் மறுக்கிறாள். காதல் வேகத்தில் கிளம்பிவிட்டால் பின்னால் வறுமையும் வருத்தமும் வரும் என்று தெளிவாகச் சொல்கிறாள். வீட்டுப் பெரியவர் ஹார்ட்காஸிலிடம் போய் நியாயம் கேட்போம் என்கிறாள். கேட்கிறாள். டோனிக்கு வயது வந்து மூன்று மாதம் ஆகிறது, அவன் தாயின் விருப்பப்படி அதை மறைத்துவைத்திருந்தோம் என்று ஹார்ட்காஸில் உண்மையை உடைக்கிறார். டோனி அந்த இடத்திலேயே இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று எல்லார் முன்னிலையிலும் அறிவிக்கிறான். பெண்ணுக்கு விடுதலை, நகையும் அவளுக்கு.

ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்திலும் ஜெசிக்கா பெட்டியோடுதான் ஓடிப்போகிறாள். அவள் எடுத்தது தந்தையின் பொன். கான்ஸ்டன்ஸ் விஷயம் வேறு. அவளுக்காகத் திருடப்பட்டது அவளுடைய சொந்தப் பொருள். தன் பொருளைத் தானே திருடவேண்டிய நிலைமையில் ஒரு பெண்ணை நிறுத்தியது எது என்று கேட்டால், அன்றைய சட்டத்தைத்தான் காட்டவேண்டும்.

அன்று: சட்டம் போட்ட இரண்டு பூட்டு

முதல் பூட்டு, கல்யாணத்துக்கு. 1753இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் லண்டனில் கடன்காரர்களை அடைத்துவைக்கும் ஃப்ளீட் சிறையைச் சுற்றி, காசு கொடுத்தால் யாருக்கும் யாரையும் மணமுடித்து வைக்கும் பாதிரிகள் ஏராளம். புதிய சட்டம் அதை ஒழித்தது. தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிக்கவேண்டும், அல்லது உரிமம் வாங்கவேண்டும். உரிமம் வாங்கி மணப்பவர் 21 வயதுக்குக் கீழே இருந்தால் தந்தையோ பாதுகாவலரோ சம்மதிக்கவேண்டும். இல்லாவிட்டால் கல்யாணமே செல்லாது. சட்டத்தை மீறி மணமுடித்து வைக்கும் பாதிரிக்கு 14 ஆண்டு நாடுகடத்தல்.

நாடகம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1772இல், அரச குடும்பத்தாருக்கென்றே தனியாக ஒரு திருமணச் சட்டம் வந்தது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் தம்பி ஒருவர் அண்ணனைக் கேட்காமல் மணந்துகொண்டதே காரணம். யார் யாரைக் கட்டலாம் என்பது அப்போது நாடு முழுதும் பேசிய பேச்சு. பிரான்ஸுக்குப் போய்விடலாம், அங்கே கல்யாணத்தை மதிக்கும் சட்டம் இருக்கிறது என்று ஹேஸ்டிங்ஸ் சொல்லும் இடம் வந்தபோது, அது எதைக் குத்துகிறது என்று பார்த்தவர்களுக்கு நன்றாகவே விளங்கியது.

இரண்டாவது பூட்டு, நகைக்கு. ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் கல்யாணமான பெண்ணுக்குத் தனி ஆளுமையே கிடையாது. கணவனும் மனைவியும் சட்டத்தின் பார்வையில் ஒரே ஆள். அந்த ஆள் கணவன். அவள் கொண்டுவரும் பணமும் பண்டமும் அவனுடையவை ஆகிவிடும். அவள் அணியும் ஆடை ஆபரணத்தைக் கணவன் உயில் எழுதி வேறொருவருக்குக் கொடுக்க முடியாது என்ற சிறு சலுகை மட்டும் உண்டு. ஆனால் உயிரோடு இருக்கும்வரை அவற்றை அவன் விற்கலாம். வசதியான குடும்பங்கள் வழக்கறிஞரை வைத்து, பெண்ணின் பெயரில் தனிச்சொத்து ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். ஓடிப்போகும் பெண்ணுக்கு அந்த ஏற்பாட்டைச் செய்துதர யார் இருக்கிறார்கள்?

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் கான்ஸ்டன்ஸின் நகை அத்தையின் இழுப்பறையில். கல்யாணத்துக்குப் பின் கணவனின் கையில். உயிலில் பெயர் அவளுடையது, சாவி ஒருநாளும் அவளிடம் வராது. ஹேஸ்டிங்ஸ் நல்லவன் என்பது அவளுடைய அதிர்ஷ்டம். சட்டம் அவளுக்கு அதைத் தவிர வேறு காப்பு எதையும் தரவில்லை.

அன்று: மேடைக்கு வெளியே ஓடியவர்கள்

ஹார்ட்விக் சட்டம் ஸ்காட்லாந்தைத் தொடவில்லை. அங்கே இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் நாங்கள் கணவன் மனைவி என்று சொன்னால் போதும். ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12 வயது நிரம்பியிருந்தால் பெற்றோர் சம்மதமும் தேவையில்லை. எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற கிராமம் இதனால் பேர்பெற்றது. லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல். குதிரை மாற்றி மாற்றி இரவும் பகலும் ஓட்டவேண்டும். பின்னால் தந்தையின் வண்டி துரத்தி வரும். கிராமத்துக் கொல்லன் பட்டறை முதலான இடங்களில் மணமுடித்து வைத்தவர்களைப் பட்டடைப் பாதிரி என்றே ஊர் அழைத்தது. அவர்களில் பலருக்குக் கொல்லுத்தொழில் தெரியாது; காசு வாங்கத் தெரியும்.

1772 நவம்பர் 18ஆம் தேதி இரவு, நியூகாசில் நகரத்து வங்கியாளர் மகள் பெஸி சர்டீஸ், முதல் மாடிச் சன்னலிலிருந்து ஏணி வழியாக இறங்கி ஜான் ஸ்காட் என்ற இளைஞனோடு ஸ்காட்லாந்துக்குப் போய் மணந்துகொண்டாள். கையில் காசில்லாத அந்த இளைஞன் பிற்காலத்தில் எல்டன் பிரபு ஆனான்; 1801இல் இங்கிலாந்தின் லார்டு சான்சலர் பதவியில் அமர்ந்தான். அதே 1772 மார்ச்சில் பாத் நகரத்துப் பாடகி எலிசபெத் லின்லி, ரிச்சர்ட் ஷெரிடனோடு பிரான்ஸுக்குப் போனாள். ஷெரிடன் பின்னாளில் கோல்ட்ஸ்மித்துக்கு இணையாகப் பேசப்படும் நாடகாசிரியர். கோல்ட்ஸ்மித்தின் நாடகம் ஏறிய அடுத்த மாதம் இவர்கள் ஊரறியச் சட்டப்படி மணந்துகொண்டார்கள். மேடையில் பார்த்துச் சிரித்த கூட்டம், இந்தக் கதைகளையெல்லாம் செய்தித்தாளிலும் விருந்துகளிலும் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தது.

1782இல் லண்டன் வங்கியாளர் ராபர்ட் சைல்டின் ஒரே மகள் வெஸ்ட்மோர்லாண்ட் பிரபுவோடு கிரெட்னாவுக்கு ஓடினாள். மருமகனின் பட்டத்து வாரிசுக்குத் தன் செல்வம் போகக் கூடாது என்று தந்தை உயிலை மாற்றி எழுதினார். சொத்து பின்னர் பேத்திக்குப் போனது. துரத்திப் பிடிக்க முடியாதவர் உயிலால் பிடித்தார்.

எல்லா ஓட்டமும் காதல் ஓட்டம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 1826இல் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டு என்பவர், பணக்கார வீட்டுப் பெண்ணான 15 வயது எலன் டர்னரைப் பள்ளியிலிருந்து பொய் சொல்லி வரவழைத்து, கிரெட்னாவில் மணந்தார். அது சொத்துக்காக நடந்த கடத்தல். அவர் சிறைக்குப் போனார். நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அந்தக் கல்யாணத்தை ரத்து செய்தது. பெண் கட்டிய கணவனுக்கே அவள் சொத்து முழுதும் போய்விடும் என்று சட்டம் இருக்கும்வரை, காதலனையும் கொள்ளைக்காரனையும் பிரித்தறிவது கடினம். கான்ஸ்டன்ஸ் கடைசி நேரத்தில் நின்று யோசித்ததன் அருமை இங்கே புரியும்.

அந்த நகைக்கும் சென்னைக்கும் என்ன தொடர்பு?

கான்ஸ்டன்ஸின் நகை எந்த ஊர்க் கல் என்று நாடகம் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி இயக்குநரின் சொத்து என்று ஒரு வரி வந்தால், அதன் பொருள் லண்டன் மக்களுக்குத் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் முதல் பகுதிவரை உலகச் சந்தைக்கு வைரம் போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான். கோல்கொண்டா சுரங்கங்களின் கல், சென்னை புனித ஜார்ஜ் கோட்டை வழியாகக் கப்பல் ஏறியது. பதிலுக்கு மத்தியதரைக்கடல் பவளம் இங்கே இறங்கியது. ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. 1698 முதல் 1709 வரை சென்னையில் ஆளுநராக இருந்த தாமஸ் பிட், 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரத்தை இங்கே வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1717இல் அது பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு விலைபோனது. 140 காரட் ரீஜன்ட் வைரமாக இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாடகம் வந்த 1773இல்தான் ராபர்ட் கிளைவ் இந்தியாவில் சேர்த்த செல்வம் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விசாரணை நடந்தது. கம்பெனியைக் கட்டுப்படுத்த ஒழுங்குமுறைச் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வங்காளம் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் கிராமத்து வீட்டில் பூட்டிக் கிடந்த அந்தப் பெட்டிக்குள், நம் பக்கத்து மண்ணும் உழைப்பும் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் வருகிறது.

மாற்றம் வந்த வழி

ஓட்டப் பாதையை முதலில் நெருக்கியது 1856ஆம் ஆண்டுச் சட்டம். ஸ்காட்லாந்தில் மணப்பவர்களில் ஒருவராவது 21 நாள் அங்கே தங்கியிருக்கவேண்டும் என்றது. பின்னாலேயே வண்டியில் துரத்தி வரும் தந்தைக்கு 21 நாள் தாராளம். 1929இல் கல்யாண வயது 16 ஆக உயர்ந்தது. 1940இல் பட்டடைப் பாதிரிகளின் தொழில் சட்டப்படி முடிவுக்கு வந்தது. 1970 முதல் இங்கிலாந்தில் வயது வந்தவர் என்ற வரம்பு 21இலிருந்து 18க்கு இறங்கியது. 2023 பிப்ரவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18க்குக் கீழே யாருக்கும், பெற்றோர் சம்மதித்தாலும், கல்யாணம் கிடையாது. முன்பு சட்டம் கேட்டது பெற்றோரின் சம்மதத்தை. இப்போது கேட்பது மணப்பவரின் வயதையும் மனதையும்.

நகையின் பூட்டு திறக்க அதிக காலம் பிடித்தது. 1870இல் ஒரு சட்டம் பாதி திறந்தது. 1882ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் முழுதும் திறந்தது. கல்யாணத்துக்கு முன்பு வந்ததும் பின்பு வந்ததும் அவளுடையதே என்று ஆங்கிலச் சட்டம் ஒப்புக்கொள்ள, கான்ஸ்டன்ஸ் மேடையேறி 109 ஆண்டுகள் ஆயின.

இன்று: கிரெட்னாவும் மேடையும்

கிரெட்னா கிரீன் இன்று ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கல்யாணம் நடக்கும் ஊர். பழைய கொல்லன் பட்டறை சுற்றுலாத் தலம் ஆகிவிட்டது. பட்டடையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவது சடங்காக மிஞ்சியிருக்கிறது. மாறியது வேறு. அங்கே மணக்க விரும்புகிறவர்கள் குறைந்தது 29 நாள் முன்னதாகப் பதிவாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். மண்டபம் பதிவு செய்கிறார்கள், பூ அலங்காரம் சொல்கிறார்கள், பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணக்கும் உரிமையும் 2014 முதல் அங்கே உண்டு. நியூகாசிலில் பெஸி இறங்கிய வீடு அவள் பெயராலேயே நிற்கிறது. அந்தச் சன்னலுக்கு மட்டும் நீலக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அன்று குடும்பத்துக்கு அவமானமாக இருந்தது இன்று ஊருக்குப் பெருமை.

கதையும் உயிரோடு இருக்கிறது. 1923இல் பி. ஜி. வுட்ஹவுஸ் எழுதிய ‘லீவ் இட் டு ஸ்மித்’ நாவலில், லேடி கான்ஸ்டன்ஸ் என்ற பெரிய வீட்டு அம்மாளின் வைரமாலையைத் திருடத் திட்டமிடுகிறார்கள். அவர் விருப்பத்துக்கு மாறாக மணந்துகொண்ட பெண்ணுக்குப் பண உதவி செய்யத்தான் அந்தத் திருட்டு. கோல்ட்ஸ்மித்தின் நாடகத்தை 2012இல் லண்டன் நேஷனல் தியேட்டர் மேடையேற்றியது. 2023 இறுதியில் ரிச்மண்ட் ஆரஞ்ச் ட்ரீ அரங்கம் கதையை 1930களுக்கு, வுட்ஹவுஸ் உலகத்துக்கு நகர்த்தி நடத்தியது. காலத்தை மாற்றினாலும் நகைப்பெட்டியை யாரும் கதையிலிருந்து எடுப்பதில்லை. எடுத்தால் கான்ஸ்டன்ஸின் கதை நிற்காது.

இன்று: நம் வீட்டு வாசலில்

ஆங்கிலச் சட்டம் 1882இல் கொடுத்ததை, நம் மரபு பெண்ணுக்கான தனிச்சொத்து என்று பழைய காலத்திலிருந்தே பேசிவந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இந்துப் பெண் வசம் உள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்றது. 1985இல் உச்ச நீதிமன்றம், பெண்ணுக்குக் கொடுத்த சீர்நகை அவளுடைய தனிச்சொத்து, கணவனோ மாமியாரோ அதைத் திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று தீர்ப்பளித்தது. 2024 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இன்னும் நெருங்கி வந்தது. மகளின் சீர்நகையை முன்னாள் சம்பந்தி வீட்டார் திருப்பித் தரவில்லை என்று தந்தை போட்ட வழக்கில், மகள் உயிரோடு, சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இருக்கும்போது அவள் அனுமதியின்றி அதைக் கேட்கத் தந்தைக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

கல்யாணத்துக்கும் கதவு திறந்திருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால், தாலி கட்டினால் போதும், புரோகிதர் தேவையில்லை. வழக்கறிஞர் நண்பராக நின்று நடத்திவைக்கும் கல்யாணமும் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வயது வந்த இருவர் சம்மதித்துவிட்டால் குடும்பமோ சாதிக் கூட்டமோ குறுக்கிட முடியாது என்று 2018இல் ஆணித்தரமாகச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

இவ்வளவும் இருந்தும், பாதுகாப்புக் கேட்டு காதல் ஜோடி காவல் நிலையத்தில் தஞ்சம் என்ற செய்தி வராத வாரம் இல்லை. அந்த இடத்தில் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். பெண் மேஜர் என்பதற்குப் பள்ளிச் சான்றிதழைக் காட்டுகிறாள். ஆய்வாளர் எழுதி வாங்குகிறார். பெற்றவர்களுக்கு வேறு வழியில்லை என்று ஆனதும் கடைசியாக ஒன்று கேட்கிறார்கள்: எங்கள் நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போ. எல்லார் முன்னிலையிலும் அவள் காதிலிருந்து தோட்டைக் கழற்றுகிறாள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றுகிறாள், ஒரு கைக்குட்டையில் முடிந்து மேசைமேல் வைக்கிறாள். பிறந்தநாளுக்கும் சடங்குக்கும் அவளுக்கென்று வாங்கிப் போட்ட நகை அது. காணவில்லை என்று கொடுக்கும் புகாரிலேயே இத்தனை பவுன் நகையோடு போய்விட்டாள் என்று ஒரு வரி சேர்ந்துவிடுவதும் உண்டு. தன் தோட்டைப் போட்டுக்கொண்டு போனவள் திருடி ஆகிவிடுகிறாள்.

இங்கே நாம் 1773ஐத் தாண்டவில்லை. பெட்டி இன்னும் அத்தையின் இழுப்பறையில்தான். கல்யாணம் சம்மதத்தோடு நடந்தால் அது மாமியார் வீட்டு பீரோவுக்கு மாறும். தேவைப்பட்டால் அடகுக் கடைக்குப் போகும். நகைச்சீட்டு கட்டும்போதே மகளுக்கு என்று சொல்லித்தான் கட்டுகிறோம். மகள் தன் விருப்பத்தைச் சொன்ன மறுநிமிடம் அது குடும்பத்து நகை ஆகிவிடுகிறது. நம் விஷயத்தில் ஒரு வேறுபாடு வேறு உண்டு. கோல்ட்ஸ்மித்தின் வீட்டில் ஹார்ட்காஸில் இருந்தார். தன் மனைவி செய்தது தவறு என்று தெரிந்ததும் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லும் பெரியவர் அவர். அவர் வாயைத் திறந்ததால்தான் அது இன்ப நாடகமாக முடிந்தது. நம் ஊரில் சாதி குறுக்கே வந்தால் அந்தப் பெரியவர் பேசுவதில்லை. பல காதல்கள் கொலையில் முடிந்திருக்கின்றன.

ஓடிப்போவது பெண்ணுக்கு ஆசை இல்லை. கான்ஸ்டன்ஸுக்கும் இருக்கவில்லை. நேரில் கேட்டால் நியாயம் கிடைக்கும் என்று தெரிந்த அந்தக் கணத்தில் அவள் ஓட்டத்தைக் கைவிட்டாள். வீட்டில் பேச இடம் இருந்தால் பெண்கள் பேசத்தான் விரும்புவார்கள். இடம் இல்லாத வீட்டிலிருந்துதான் இரவில் கிளம்புகிறார்கள்.

பெற்றோருக்கு என் வேண்டுகோள் மூன்று. மகளுக்கு என்று வாங்கும் நகைக்கு அவள் பெயரிலேயே பில் போடுங்கள். 18 வயது ஆனதும் அவள் பெயரில் வங்கி லாக்கர் எடுத்துச் சாவியை அவளிடம் கொடுங்கள். அவள் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொல்லும் நாளில், நகைக் கணக்கை எடுக்காமல் உட்கார்ந்து கேளுங்கள். சட்டம் அவளுடையது என்று எப்போதோ எழுதிக்கொடுத்துவிட்டது. வீடும் அதைக் கொடுத்துவிட்டால், எந்தப் பெண்ணும் தன் நகையைத் தானே திருடவேண்டி வராது.